கல்முனைக்குள் தண்ணீர் விழும் மூன்று இடங்கள்

கல்முனையில் நீர்வீழ்ச்சி தேடப் போகிறேன் என்று சொன்னபோது என் ராத்தா, அதாவது அக்கா, சிரித்தா. சிரிக்காமல் என்ன செய்வா? எங்கள் பக்கம் தரை சாப்பாட்டுத் தட்டு மாதிரி. கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்கும் நடுவில் பிரதான வீதி, அந்த வீதி முழுக்க பஸ் ஹோர்ன். தண்ணீர் மேலிருந்து விழ வேண்டுமென்றால் முதலில் மேல் என்று ஒன்று இருக்க வேண்டுமே. ஆனாலும் தேடினேன், மூன்று இடங்கள் கிடைத்தன. தூரப் பயணம் ஏலாத யாரையாவது வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன ஜூலையில், சிறுபோக வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த நாட்களில் இது நடந்தது. காரணம் என் உம்மா. வாப்பா மௌத்தான பிறகு உம்மா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் அது. அந்த நாட்களில் உம்மா பின்வளவில் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். தாங்கி நிறைந்து வழிந்து, கீழே இருந்த பிளாஸ்டிக் பேசினில் விழும். அந்தச் சத்தம் கேட்டால்தான் மனசு ஒரு இடத்தில் நிற்கிறது என்றார். ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், நல்ல மனிதர். தண்ணீர் வீணாகிறதே என்று ஒரு நாள் வந்து தாங்கிக்கு, நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும் போல் வால்வு ஒன்று பூட்டிவிட்டுப் போனார். தண்ணீர் வழிவது நின்றது. உம்மா மச்சானோடு இரண்டு கிழமை சரியாகக் கதைக்கவில்லை. அவருக்கு இன்றுவரை காரணம் தெரியாது. (மச்சான் இதை வாசித்தால், மன்னிக்கவும்.)

இத்தா முடிந்தது. உம்மா வெளியே வரவில்லை. மார்க்கம் போடாத ஒரு தடையை உம்மா தானாகவே நீட்டிக்கொண்டே போனார். கடைக்கு நான், சந்தைக்கு நான், ராத்தா வீட்டுக்குப் போகலாம் என்றால் "அவளை வரச் சொல்லு". கேட்டால் ஒரே பதில்: "சனம் என்ன கதைக்கும்? புருசன் போய் வருசமாகல்ல, அதுக்குள்ள ஊர் சுத்துறாள் எண்டு சொல்லுவாங்க." அதற்குள் எனக்குப் பதுளையில் நியமனம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், முதல் அரசாங்க வேலையும் என்னுடையது. வேண்டாமென்று சொல்ல முடியாது. ஆனால் நான் போன பிறகு அந்த வீட்டில் உம்மாவும், சத்தம் போடாத தண்ணீர்த் தாங்கியும் மட்டும்தான். அதற்கு முன்னால் உம்மாவை ஒரு முறையாவது கேற்றுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தேன்.

உண்மையான நீர்வீழ்ச்சிக்கு பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம். உம்மாவுக்கு இருபது நிமிடத்திலேயே வயிற்றைப் புரட்டிச் சத்தி வந்துவிடும். ஆகவே எங்கள் வீடு இருக்கும் சாய்ந்தமருதிலிருந்து ஓட்டோவில் அரை மணித்தியாலத்துக்குள் இருக்க வேண்டும், பெண்கள் உட்காரக்கூடிய இடமாக இருக்க வேண்டும், தண்ணீர் விழ வேண்டும். இவ்வளவுதான் நான் போட்ட நிபந்தனை.

ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தனியாக இறங்கினேன். தெரியாத ஆட்களிடம் வழி கேட்பது எனக்குப் பெரிய பாடு. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்: கடைக்குப் போய் ஏதாவது சின்னதாக வாங்கிவிட்டுத்தான் கேட்பேன். அன்று மாலை என் கைப்பையில் பதினான்கு டொபி இருந்தது.

முதலில் மருதமுனை. சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் அறுபது ரூபாய், ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். கைத்தறிச் சாரிக் கடைக்குப் பக்கத்து டொபிக் கடையில் கேட்டபோது, கடற்கரைப் பக்கம் போகும் ஒரு குறுக்குத் தெருவைக் காட்டினார்கள். அங்கே ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் சின்னப் பூங்கா இருக்கிறது. மண்டபக்காரர்களுடையதுதான், ஆனால் கல்யாணம் இல்லாத நாளில் யாரும் உள்ளே போகலாம், கட்டணம் இல்லை, கல்யாணப் போட்டோ எடுப்பதற்கு மட்டும் காசு. சுவரோடு சேர்த்து ஓர் ஆள் உயரத்துக்குக் கற்பாறை மாதிரிக் கட்டி, அதன் மேலிருந்து தண்ணீர் கண்ணாடித் தாள் போல விழுகிறது. பின்னால் கலர் லைட். அழகுதான், மறுக்கமாட்டேன். ஆனால் நான் போன நேரம் ஒரு புது மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். போட்டோக்காரர் மாப்பிள்ளையிடம், "மச்சான், சிரிங்க, தண்ணிக்கு காசு கட்டியாச்சு" என்றார். உம்மாவை இங்கே உட்கார வைத்தால் யாருடைய கல்யாண அல்பத்திலாவது பின்னால் தெரிவார். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இது நல்ல இடம். காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் போங்கள்.

கல்முனைக்குத் திரும்பி வந்து இரண்டாவது இடத்துக்கு ஓட்டோ பிடித்தேன். கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை தாண்டி கிட்டங்கிக்குப் போகும் வீதி, நாலு கிலோமீட்டர், ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் காரைதீவைச் சேர்ந்த ரவி அண்ணன். வாய்க்காலில் தண்ணீர் விழும் இடம் எங்காவது இருக்கிறதா என்று கேட்டதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீர்வீழ்ச்சி பாக்கணுமெண்டா தியலுமவுக்கெல்லோ போகணும்."

"கிட்டத்துல இருக்கிறது போதும் அண்ணன்."

"கிட்டத்துல எண்டா நம்மட அளவுக்குத்தான் விழும். பிறகு குறை சொல்லப்படாது."

குறை சொல்ல ஒன்றுமே இல்லை. வாய்க்கால் ஓரிடத்தில் சீமெந்துப் படியாக இறங்குகிறது. ஒரு முழம் உயரம்தான், ஆனால் அகலமாக, வெள்ளையாக, சத்தமாக விழுகிறது. இரண்டு பக்கமும் பச்சை வயல், மருத மர நிழல், தண்ணீரின் விளிம்பில் கொக்குகள். மூன்றில் அழகானது இதுதான். சொறிக்கல்முனைப் பக்கத்திலிருந்து கீரைக்கட்டோடு வந்த ஓர் அக்கா படியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். உம்மாவை வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வரலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை வந்து என்னத்த பாக்கிற? இண்டைக்கு இந்த வாய்க்காலுக்கு முறை. நாளைக்குப் பூட்டிருவாங்க. மறுகா வாற செவ்வாய்தான் தண்ணி வரும்."

"செவ்வாய்க்கிழமை வந்தா?"

"காலையில வாங்க. பின்னேரத்துல பொடியனுகள் குளிக்க வந்திருவானுகள், உங்கட அம்மா திரும்பி நிண்டு வயலத்தான் பாக்க வேணும்."

செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க எனக்கு நாள் இல்லை. திங்கட்கிழமை பதுளைக்குப் போக வேண்டும்.

திரும்பி வரும்போது ரவி அண்ணன்தான் சொன்னார், டவுனுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது என்று. "ஆனா அத பாக்கத்தான் ஏலும், கேக்க ஏலா." பிரதான வீதியில் ஒரு புடவைக் கடைக்கும் பாமசிக்கும் நடுவில் இரண்டு பேர் ஒன்றாக நடக்க முடியாத ஒரு ஒழுங்கை. எத்தனையோ முறை அந்தப் புடவைக் கடைக்குப் போயிருக்கிறேன், ஒழுங்கையைப் பார்த்ததில்லை. கடைக்காரர்கள் தள்ளுபடி பெனரைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். குனிந்து நுழைந்தால் ஒரு சின்ன இரும்புக் கேற். அதற்குள்ளே எங்கள் வளவைப் போல இரண்டு மடங்கு இடம். வேப்ப மரம் மூன்று, வாகை ஒன்று, உட்காரச் சீமெந்து வாங்கு ஐந்து. மூலையில் இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கிய கல், கல்லின் இடுக்கெல்லாம் பன்னச் செடி, நாலு படியாகத் தண்ணீர் விழுகிறது.

ரவி அண்ணன் சொன்னது சரி. வாங்கில் உட்கார்ந்தால் தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதில் மட்டக்களப்பு பஸ்ஸின் ஹோர்ன் கேட்கிறது. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் ஹனீபா காக்கா (காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்) குழாயோடு வந்தார். தண்ணீர் எத்தனை மணி வரைக்கும் ஓடும் என்று கேட்டேன்.

"காலைக்கிருந்து பொழுதுபட மஹ்ரிப் பாங்கு வரைக்கும் ஓடும். கரண்ட் போனா மட்டும் என்னைக் கேக்கப்படாது."

அந்த இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்த டவுனில் ஹோர்ன் சத்தம் இல்லாத நேரம் ஒன்று இருக்கிறது: வெள்ளிக்கிழமை ஜும்ஆ. கடைகள் பூட்டி, ஓட்டோக்கள் நின்று, ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குள் இருக்கும் முக்கால் மணித்தியாலம். வீதியில் சனமும் இருக்காது, சத்தமும் இருக்காது. உம்மா பயப்படும் இரண்டுக்கும் ஒரே மருந்து.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைப் பகல்தான் தாங்க முடியாத நேரம். வாப்பா குளித்து, அத்தர் பூசி, உம்மா அயன் பண்ணி வைத்த வெள்ளைச் சட்டையோடு புறப்படுவார். இப்போது ஜும்ஆவுக்குப் போக அந்த வீட்டில் ஆள் இல்லை. பாங்கு சொன்னதும் உம்மா எழுந்து, செய்ய ஒன்றுமில்லாமல், திரும்ப உட்காருவார்.

"ஜும்ஆ நேரம் ஒரு சனமும் இரிக்காது உம்மா," என்று சொன்னேன். உம்மா அடுப்படிக்குப் போய் வந்தார். பிறகு, "ஓட்டோக்காரன் ஆரு?" என்று கேட்டார். அதுதான் சம்மதம்.

ஓட்டோ விஷயத்தில் கவனமாக இருங்கள்: ஜும்ஆ நேரம் எங்கள் ஊர் ஓட்டோ கிடைக்காது. ரவி அண்ணனின் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்தார். "வெள்ளிக்கிழமை இந்த ஒரு மணித்தியாலம் சாய்ந்தமருதுல நான்தான் ராசா," என்றார். உம்மா அபாயாவின் மேல் ஷாலை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஓட்டோவின் நடுவில், வெளியே தெரியாத மாதிரி உட்கார்ந்தார். மூன்று கிலோமீட்டர், முந்நூற்றைம்பது ரூபாய். வழியெல்லாம் ஷட்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. வெள்ளைத் தொப்பிகள் எங்களுக்கு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றரைக்கு வரச் சொல்லி ரவி அண்ணனை அனுப்பினேன்; அவர் பாண்டிருப்பில் தங்கச்சி வீட்டில் சாப்பிடப் போனார்.

ஒழுங்கைக்குள் நுழையும்போதே தண்ணீர் கேட்டது. உம்மா நின்றுவிட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். கேற்றைத் திறந்து, வேம்பின் கீழிருந்த வாங்குக்குப் போய், ஷாலைச் சரி செய்து உட்கார்ந்தார். உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது. தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றுபோனது.

கல்லுக்குப் பின்னாலிருந்து ஹனீபா காக்கா வந்தார். கையை இடுப்புச் சறத்தில் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டார். எங்களைக் கண்டு திடுக்கிட்டார்.

"காக்கா, தண்ணி..." என்றேன்.

"மோட்டர நிப்பாட்டிட்டன் புள்ள. ஆள் இல்லாம ஓட விட்டா சூடாகி எரிஞ்சிரும்."

"மஹ்ரிப் வரைக்கும் ஓடும் எண்டு சொன்னீங்க."

"ஓம், சொன்னன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ எண்டும் நான்தான் சொல்லணுமா? நீங்க எந்த ஊர்?"

ஊர் முழுக்க ஜும்ஆவுக்குப் போவதைக் கணக்குப் பண்ணித்தான் திட்டம் போட்டேன். மோட்டர் போடுகிறவரும் அந்த ஊரில்தான் இருக்கிறார் என்பது மட்டும் என் கணக்கில் வரவில்லை. பதினேழு வருடம் படித்த படிப்பு. ஹனீபா காக்கா, "இருங்க, தொழுதுட்டு வந்து போட்டு விடுறன்," என்று கேற்றைச் சாத்திவிட்டுப் போனார்.

உம்மா காய்ந்துகொண்டிருந்த கல்லைப் பார்த்தார். "இதுதானா ஒன்ட நீர்வீழ்ச்சி?"

நான் போனை எடுத்தேன். "ரவி அண்ணனை வரச் சொல்றன் உம்மா, வீட்ட போவம்."

"சாப்பிட இருந்த மனிசன எழுப்பாத. இரி."

இருந்தோம். டவுனில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. வேப்பம்பழம் விழுவது கேட்டது. கல்லின் இடுக்கில் மிச்சமிருந்த தண்ணீர் ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு என்று விழுந்தது. பள்ளிவாசலிலிருந்து குத்பா பிரசங்கம் காற்றில் வந்தது. குத்பா கேட்கும்போது கதைக்கக்கூடாது என்ற பழக்கத்தில் இருவரும் பேசவில்லை. நான் பையிலிருந்து ஒரு டொபி எடுத்து நீட்டினேன். உம்மா வாங்கி, பிறகு கையை மறுபடி நீட்டி, இன்னொன்றும் வாங்கினார்.

தொழுகை தொடங்கிய பிறகு உம்மாதான் முதலில் கதைத்தார். "ஒன்ட வாப்பா பள்ளியிலயிருந்து எப்பயும் கடைசியாத்தானே வருவாரு. ஆக்கள் என்ன நினைப்பாங்க? பெரிய தக்வாவான, அல்லாஹ்ட பயமுள்ள மனிசன், சுன்னத்துத் தொழுகையெல்லாம் நீட்டித் தொழுறாரு எண்டு."

"ஓம், நானும் அப்படித்தான் நினைச்சன்."

"செருப்பத் தேடிட்டு நிப்பாரு. ஒரு வெள்ளிக்கிழமை ரெண்டும் இடது கால் செருப்போட வந்து சேந்தாரு."

உம்மா சிரித்தார். சத்தமாக, ஷாலால் வாயை மூடாமல். வாப்பாவைப் பற்றி உம்மா தானாகக் கதைத்தது அந்த நாட்களில் அதுதான் முதல் தடவை. கேட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீர் ஓடியிருந்தால் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்போம் என்று இப்போது தோன்றுகிறது.

அதனால் நேரத்தைக் கவனிக்கவில்லை. தொழுகை ஸலாம் கொடுத்து முடிந்ததும் டவுன் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. மோட்டார் சைக்கிள்கள், ஷட்டர் தூக்கும் சத்தம், ஹோர்ன். அதைவிட மோசமாக, கேற் திறந்தது. பின்பக்கம் இன்னொரு கதவு இருப்பதும், பள்ளிவாசலிலிருந்து சந்தைப் பக்கம் போக இதுதான் குறுக்குப் பாதை என்பதும் எனக்குத் தெரியாது. ஆண்கள் வரிசையாக வந்தார்கள். உம்மா ஷாலை இழுத்துக்கொண்டு எழும்பினார். என் கையைப் பிடித்தார்.

வந்தவர்களில் ஒருவர் நின்றார். வாப்பா வேலை செய்த டயர்க் கடையின் முதலாளி. வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அவர் உம்மாவை அடையாளம் கண்டு, கண்ணைத் தாழ்த்தி ஸலாம் சொன்னார்.

"என்ன, வெளிக்கிட்டுட்டீங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் உம்மா இத்தனை மாதமாக வீட்டுக்குள் இருந்துகொண்டு பயந்த கேள்வி அதேதான். நான் பழக்கத்தில் பைக்குள் கையை விட்டு டொபி தேடினேன்.

"ஓம்," என்றார் உம்மா. "தண்ணி பாக்க வந்தன்."

முதலாளி கல்லைப் பார்த்தார். கல் காய்ந்திருந்தது. "தண்ணிய காணல்லயே."

"ஹனீபா காக்கா வரணும். அவர் செருப்புத் தேடுறாரோ தெரியா."

முதலாளி ஒரு கணம் விழித்து, பிறகு விளங்கி, சிரித்தார். வாப்பாவோடு பத்து வருடம் ஜும்ஆவுக்குப் போனவர் அல்லவா. "அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

ஹனீபா காக்கா வந்து மோட்டரைப் போட்டார். குழாய் இருமியது, முதலில் பழுப்பாகக் கொஞ்சம் துப்பியது, பிறகு மேல் கல்லிலிருந்து தெளிவாக விழத் தொடங்கியது. அதே நேரம் ஒழுங்கை முனையில் ரவி அண்ணனின் ஹோர்ன். நான் பையை எடுத்தேன். உம்மா மறுபடி வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொடியன ஒரு கொஞ்சம் நிக்கச் சொல்லு. இப்பதானே தண்ணி வந்திரிக்கி."

முக்கால் மணித்தியாலம் நிற்க வைத்தோம். ரவி அண்ணன் காத்திருப்புக்கு எதுவும் வாங்கவில்லை. உள்ளே வந்து இரண்டு டொபி மட்டும் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்துதான் பகல் தொழுகையான லுஹரைத் தொழுதோம்.

போக விரும்புகிறவர்களுக்கு: கல்முனைப் பூங்காவுக்குக் காலை பத்தரை நல்ல நேரம், வெயில் வேம்பைத் தாண்டி வராது. சத்தம் இருக்கும், அதற்குப் பழகிக்கொள்ளுங்கள். தள்ளுபடி பெனரைக் கண்டு திரும்பிவிடாதீர்கள், அதன் கீழே குனிந்து போங்கள். உள்ளே கழிப்பறை இல்லை. தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். கிட்டங்கி வாய்க்காலுக்குப் போவதென்றால் அன்று யாருடைய முறை என்று வயல்காரர் ஒருவரிடம் கேளுங்கள். மருதமுனைக்கு, மண்டபத்தில் கல்யாணம் இல்லாத நாள் பாருங்கள். எங்கள் பக்கம் தண்ணீர் தானாக விழுவதில்லை, யாரோ ஒருவர் விட வேண்டும். அந்த ஆள் எப்போது சாப்பிடப் போவார், எப்போது தொழப் போவார் என்று கேட்டுவிட்டுப் போனால் ஏமாறமாட்டீர்கள்.

இதைப் பதுளையிலிருந்து எழுதுகிறேன். ஆறு கிலோமீட்டரில் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி இருக்கிறது, இன்னும் போகவில்லை. உம்மா சத்தி மாத்திரை போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே காத்திருக்கிறேன். நேற்றுக் காலை வேலை இடைவேளையில் உம்மாவுக்குப் போன் எடுத்தேன். போனுக்குள் மட்டக்களப்பு பஸ்ஸின் ஹோர்ன், ஓட்டோ, யாரோ மீன் விலை கூவும் சத்தம்.

"எங்க உம்மா நிக்கிறீங்க?"

"சத்தமா கதை புள்ள," என்றார் உம்மா. "இந்தத் தண்ணிச் சத்தத்துல ஒண்டும் கேக்குதில்ல."